பெயர் பெற்ற கிண்ணம், பெயர் அற்ற கை

தேநீர் அருந்துவதை ஒரு கலையாக்கி, அக்கலைக்கு நெறி வகுத்து, அந்நெறிக்கு ஆசான்களையும் பரம்பரைகளையும் ஏற்படுத்தி வைத்திருப்பவர்கள் ஜப்பானியர். நாலரைப் பாய் அளவே உள்ள சிற்றறை. மண்டியிட்டு நுழைய வேண்டிய குறுவாயில். நாடாளும் பிரபுவாயினும் இடைவாளை வெளியே வைத்துவிட்டுத் தலைகுனிந்தே உள்ளே வரவேண்டும். பசிய தேயிலைத் தூளைக் கிண்ணத்தில் இட்டு, வெந்நீர் வார்த்து, மூங்கிலால் ஆன சிறு மத்தினால் நுரை எழக் கடைந்து, விருந்தினர்முன் வைப்பர். கிண்ணத்தின் ஓவியம் பொலியும் முகப்பு விருந்தினரை நோக்கியே இருக்கும். அவரோ, அந்த முகப்பில் தம் உதடு படலாகாது என்று கிண்ணத்தைச் சற்றே திருப்பிப் பிடித்துப் பருகுவார். பருகி முடித்ததும் கையில் ஏந்திக் கண்ணாரக் காண்பார். அடிப்புறத்தையும் திருப்பிப் பார்ப்பார். பிறகு வினவுவார்: இது எந்தச் சூளையில் பிறந்தது? வனைந்தவர் யார்? இதற்கு இட்ட பெயர் யாது?

ஆம், கிண்ணத்துக்குப் பெயர் உண்டு! பெற்றெடுத்த பிள்ளைக்குப் பெயரிடுவதுபோல், சீரிய கிண்ணங்களுக்குப் பெயர் சூட்டுவது அவர்தம் மரபு. அழகிய மரபுதான். உண்ணும் கலத்தை உற்று நோக்கி, உன்னை ஆக்கியவர் யார் என்று கேட்கும் பழக்கம் உலகில் எத்தனை நாட்டாரிடம் இருக்கிறது? அந்த வினாக்களையே எடுத்துக்கொண்டு, டோக்கியோவிலுள்ள மித்சுயி நினைவு அருங்காட்சியகத்துக்குச் செல்வோம். அங்கே ஒரு கிண்ணம் இருக்கிறது. ஜப்பானிய மண்ணில் வனைந்த தேநீர்க் கிண்ணங்களுள் தேசியச் செல்வம் என்று அந்நாட்டரசு அறிவித்தவை இரண்டே. அவற்றுள் ஒன்று அது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலோ பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ சூளையேறியது.

உன் பெயர் என்ன? ‘உனொஹனாககி.’ உனொஹனா என்பது கோடையின் தொடக்கத்தில் வெண்மையாகப் பூத்துக் குலுங்கும் ஒரு செடி. ககி என்றால் வேலி. வெண்பூ வேலி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பெயருக்குக் காரணமான செய்யுளைத் தம் கையால் எழுதி, கிண்ணத்தின் பெட்டியில் பதித்தவர் எவர்? கதகிரி செகிஷூ, சிற்றரசர், ஷோகனுக்கே தேநீர்க் கலை கற்பித்த ஆசான். யாரிடம் இருந்தது? வணிகப் பெருங்குடியான மித்சுயி குடும்பத்தாரிடம். சரி, உன்னை வனைந்தவர் யார்? உன்மீது இந்த வேலியைத் தீட்டியவர் யார்?

விடை இல்லை. பெயரிட்டவன் பெயர் உண்டு. உடையவன் பெயர் உண்டு. வைத்த பெட்டிக்கும் வரலாறு உண்டு. உருவாக்கியவன் பெயர் மட்டும் இல்லை.

அந்த ஓவியம் எவ்வாறு தீட்டப்பட்டது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அழகைப் பேசுவோர் பெரும்பாலும் வேலையைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். மினோ நாட்டின் வெளிறிய களிமண்ணை எடுத்து வனைந்து, வட்டம் சற்றே கோணுமாறு அழுத்தி, பக்கங்களைச் சீவி உருவாக்கியிருக்கிறார்கள். (வகுப்பில் இதன் படத்தைக் காட்டியபோது, “ஐயா, வாய் கோணலாக இருக்கிறதே!” என்றான் ஒரு மாணவன். கோணல் வேண்டுமென்றே வந்தது என்றேன், அவன் நம்பவில்லை.) உலர்ந்த மண்மீது, இரும்பு கலந்த சாந்தில் தோய்த்த தூரிகையால் கோடிழுப்பர். மண் அந்த ஈரத்தை நொடியில் உறிஞ்சிவிடும். இழுத்தது இழுத்ததுதான், அழித்தெழுத இடமில்லை. தயங்கினால் தயக்கம் தெரியும். நடுங்கினால் நடுக்கம் தெரியும். அதன்மேல் வெண்மை தரும் பாறைத் தூளைக் கரைத்துத் தடிப்பாகப் பூசுவர். தீட்டிய படம் முழுவதும் மறைந்துவிடும். பிறகு சூளை. நாட்கணக்கில் வெந்து, மெல்ல மெல்ல ஆறிய பின்னரே, மூடுபனிக்கு அப்பால் வேலி தெரிவதுபோல் கோடுகள் தெரியும். பூச்சு மெலிந்த இடத்தில் செம்மை படரும். மேனியெங்கும் ஊசித் துளைகள் காணும். தூரிகையால் படம் எழுதிய ஜப்பானிய மட்கலங்களுள் மிகப் பழைய வரிசையைச் சேர்ந்த இவ்வகைக்கு ஷினோ என்று பெயர்.

அந்தக் கோடுகளை இழுத்தவன் வேலியைத்தான் எண்ணினானோ, வேறெதையோ எண்ணினானோ, ஒன்றையும் எண்ணாமலே கை போன போக்கில் இழுத்தானோ, யாரறிவார்? ‘வேலி’ என்றார் பிரபு; வேலியாயிற்று.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பகுத்தறிவில் பற்றுள்ள இளைஞர்கள் மகிழத்தக்க செய்தி. ஷினோ கிண்ணங்கள் செத்தோ என்னும் ஊர்ச் சூளைகளில் செய்யப்பட்டவை என்பது நெடுங்கால நம்பிக்கை. ஆசான்கள் சொன்னார்கள், நூல்கள் எழுதின, வணிகர்கள் ஓதினார்கள், எல்லோரும் நம்பினார்கள். 1930-ஆம் ஆண்டில் அரகவா தொயோசோ என்னும் வனைஞர், நகோயா நகரில் மூங்கில் முளை தீட்டிய பழைய ஷினோ கிண்ணம் ஒன்றைக் கண்டார். அடிவளையத்தில் ஒட்டியிருந்த சிறிய மண் துணுக்கு அவர் கண்ணில் பட்டது. இது செத்தோ மண்போல் இல்லையே என்று ஐயம் எழுந்தது. ஐயம் எழுந்ததும் ஆசானிடம் போய்க் கேட்டு அடங்கிவிடவில்லை. மினோ மலைப்பகுதியிலுள்ள ஓகயா என்ற இடத்துக்குச் சென்று, இடிந்து புதைந்து கிடந்த முத்தபோரா சூளை மேட்டைத் தோண்டினார். அதே மூங்கில் முளை தீட்டிய ஓட்டுச் சில்லு ஒன்று கிடைத்தது! நகோயாவில் கண்ட கிண்ணத்தின் உடன்பிறப்பு! வழிவழியாக வந்த நம்பிக்கையை ஒரு சில்லு உடைத்தெறிந்தது. பின்னர் அவர் அவ்விடத்திலேயே சூளை கட்டி, மறைந்துபோன அந்தக் கலையை மீட்பதில் வாழ்நாளைச் செலவிட்டார், 1985-இல் மறைந்தார்.

சில்லு ஊரைச் சொல்லிற்று. ஆளைச் சொல்ல அதனாலும் இயலவில்லை.

நான் எழுப்ப விரும்பும் வினா இங்குதான் தொடங்குகிறது. பெயர் தெரியாமற் போனதனால் என்ன குறைந்துவிட்டது? கிண்ணம் இருக்கிறது, அழகு இருக்கிறது, காண்போர் மகிழ்கிறார்கள். ஆக்கியவனின் பெயரைத் தேடி அலைவது வெறும் ஆணவ வழிபாடு அல்லவா? இப்படிக் கேட்போர் உண்டு. அவர்களுள் அற்பர்களும் உண்டு. மிகப் பெரியோரும் உண்டு. மிகப் பெரியோர் ஒருவரையே எதிரில் நிறுத்தி வாதிடுவதுதான் முறை.

யானகி சொயெத்சு ஜப்பானிய அறிஞர். எளிய மக்கள் அன்றாடம் புழங்கும் பொருள்களில்தான் உண்மை அழகு குடியிருக்கிறது என்று முழங்கியவர். மக்கள் கலை எனப் பொருள்படும் ‘மிங்கேய்’ என்ற சொல்லைத் தோழர்களுடன் சேர்ந்து படைத்தவர். 1936-இல் டோக்கியோவில் அதற்கென ஓர் அருங்காட்சியகம் கண்டவர். அவர் கோழையும் அல்லர். 1919-இல் கொரிய மக்கள் விடுதலைக்குரல் எழுப்பி, ஜப்பானிய ஆட்சியின் அடக்குமுறைக்கு ஆளானபோது, ஆளும் இனத்தில் பிறந்த அவர் அந்த ஆட்சியைக் கண்டித்து எழுதினார். கொரியத் தலைநகரில் அரண்மனையின் பெருவாயிலை இடிக்க ஆட்சியாளர் முனைந்தபோது அதற்காகவும் குரல் கொடுத்தார். 1924-இல் அங்கே கொரிய மக்கள் கலைக்கு ஓர் அருங்காட்சியகம் அமைத்தார்.

அவர் 1931-இல் கியோத்தோ நகரத்துத் தைதோகுஜி கோயிலைச் சேர்ந்த கோஹோ-ஆன் மடத்தில் ஒரு கிண்ணத்தைக் கண்டார். ‘கிஸாயெமோன் இதோ’ என்பது அதன் பெயர். ஓவியமற்றது; பழுப்பு மேனி. கொரியாவில் பதினாறாம் நூற்றாண்டில் வனைந்து ஜப்பானுக்கு வந்தது. தேநீர்க் கிண்ணங்களின் தலைமை இதற்கே என்று ஆசான்கள் முடிசூட்டியிருந்தார்கள். இதுவும் ஜப்பானின் தேசியச் செல்வம். பட்டில் பொதிந்து, பெட்டிக்குள் பெட்டியாகப் பூட்டி வைத்திருந்ததைத் திறந்து காட்டினார்கள். இதனோடு ஒரு சாபக் கதையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கிஸாயெமோன் என்னும் ஓசகா வணிகன் செல்வமெல்லாம் இழந்து தெருவில் நின்றபோதும் கிண்ணத்தை விற்கவில்லையாம். உடலெங்கும் கொப்புளம் கண்டு மாண்டானாம். பிற்பாடு மத்சுதைரா ஃபுமாய் என்ற சிற்றரசர் 550 ரியோ பொன் கொடுத்து வாங்கினார். ஒரு ரியோவுக்கு ஒருவர் ஓராண்டு உண்ணும் அரிசி என்பது பழைய கணக்கு. எத்தனை பேர் சோறு அந்த ஒரு கிண்ணத்துக்குள் அடங்கிற்று என்று எண்ணிக்கொள்க! அவருக்கும் கொப்புளம், அவர் மகனுக்கும் கொப்புளம், அஞ்சிய குடும்பத்தார் கிண்ணத்தை மடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கிண்ணமே இல்லாத ஏழைகளுக்கும் அந்நாளில் கொப்புளம் வந்ததே, அது எந்தச் சாபம் என்று கேட்கத்தான் ஆளில்லை. மடத்து வாயிலைத் தாண்டியதும் சாபம் எங்கே போயிற்று என்பதையும் கதை சொல்வோர் சொல்வதில்லை.

யானகி இந்தக் கதையில் மயங்கவில்லை. அவர் கண்டு வியந்தது வேறு: இவ்வளவு எளிமையா! கொரிய ஏழை ஒருவன் உண்ட சோற்றுக் கிண்ணம் இது என்றார். (பூசைக்குரிய கலமாய் இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.) இதை வனைந்தவன் படிப்பறியாதவன், ஏழை, அழகைப் பற்றி நினையாதவன், விரைவாக, மலிவாக, பத்தோடு பதினொன்றாக வனைந்தான், ‘நான்’ என்ற முனைப்பு அவனிடம் இல்லை, ஆகவேதான் கிண்ணம் அழகாயிற்று என்பது அவர் கொள்கை. இதற்கு அவர் பௌத்தத்தின் தூய நிலப் பிரிவிலிருந்து துணை தேடினார். கல்லாதவனும் அமித புத்தரின் அருளால் கரையேறுவதுபோல், கல்லாத கைவினைஞனும் தன்னாற்றலால் அன்றிப் பிற ஆற்றலின் அருளால் அழகைப் படைக்கிறான் என்றார்.

கேட்பதற்கு இனிக்கிறது. உழைப்பாளியை உயரத்தில் தூக்கி வைப்பதுபோலவும் தோன்றுகிறது. ஆனால் உற்றுப் பார்த்தால், தூக்கி வைத்த இடத்தில் உழைப்பாளி இல்லை, அருள் இருக்கிறது. அவன் வெறும் குழாய்; வேறெங்கிருந்தோ வந்த நீர் அவன் வழியே பாய்ந்தது என்றாகிவிடுகிறது. ஆயிரம் கிண்ணம் வனைந்த பிறகு ஆயிரத்தோராவது கிண்ணத்தில் கை தயங்காமல் செல்கிறதே, அது அருளா? அறிவு! ஏட்டில் எழுதாத அறிவு. தோளிலும் மணிக்கட்டிலும் விரல் நுனியிலும் சேர்த்து வைத்த அறிவு. எந்த மண் எவ்வளவு நீர் கேட்கும், எந்த விறகு எவ்வளவு வெம்மை தரும், சுடரின் நிறம் எப்போது மாறினால் சூளை வாயை அடைக்கவேண்டும் என்பதையெல்லாம் அறிந்தவனை ‘அறியாதவன்’ என்று சொல்வதற்கு, அறிவென்றால் எழுத்து மட்டுமே என்று முன்பே முடிவு கட்டியிருக்க வேண்டும். ஓயாது செய்வதால் கை விடுதலை பெறுகிறது என்று யானகியே எழுதியிருக்கிறார். அங்கேயே நின்றிருக்கலாம். அருளை அழைத்திருக்க வேண்டாம்.

பெயரின்மையைப் போற்றுவோருக்கு மஷிகோ என்ற ஊரைக் காட்டுவேன். டோக்கியோவுக்கு வடக்கேயுள்ள அந்த ஊர், நகரத்து அடுக்களைகளுக்குத் தேநீர்ச் செம்பும் தண்ணீர்த் தாழியும் செய்து அனுப்பிய ஊர். யானகியின் தோழர் ஹமதா ஷோஜி இங்கிலாந்தில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய பின், இவ்வூரில் வந்து அமர்ந்து, உலகப் புகழ் பெற்ற வனைஞரானார். தம் கலங்களில் அவர் பெயர் பொறிப்பதில்லை. அடக்கம்! கொள்கை! மதிக்கிறேன். ஆயினும், அக்கலங்களை வைக்கும் மரப்பெட்டியில் அவர் கையெழுத்து இருக்கும். வாங்குவோருக்கும் விற்போருக்கும் அது ஹமதாவின் கலம் என்பது தெரியும். அதற்கேற்ற விலையும் உண்டு.

அதே மஷிகோவில் மினகவா மசு என்ற அம்மையார் இருந்தார். சிறுமியாய் இருந்தபோதே தூரிகை பிடித்தவர். தேநீர்ச் செம்புகளின் வயிற்றில் மலையும் நீரும் மரமும் குடிலும் எழுதுவது அவர் வேலை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான செம்புகள். அதே மலை, அதே நீர், அதே குடில். எண்ணிச் சில வீச்சுகள். கண்மூடித் திறப்பதற்குள் ஒரு நாடு செம்பின்மீது தோன்றிவிடும். ஏறத்தாழ ஓர் ஆயுட்காலம் முழுவதும் இதைச் செய்து 1960-இல் மறைந்தார். ஹமதாவும் யானகியும் கண்டு வியந்து எழுதியதால் அவர் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. அவருக்கு முன்னும் பின்னும் அதே தூரிகையைப் பிடித்த மற்றப் பெண்கள் யார் என்று கேட்டால், ஹமதாவின் பெட்டியைப் போல விடை சொல்லும் பெட்டி ஒன்றும் அங்கில்லை.

ஹமதா துறந்தது பெயரை. மசுவின் உடன் உழைத்தோர் எதைத் துறந்தார்கள்? கையில் இருப்பதைத் துறப்பவனைத் துறவி என்கிறோம். கையில் எதுவும் வந்து சேராதவனை அப்படி அழைப்பது வழக்கமில்லை. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து இரண்டுக்கும் ‘எளிமையின் அழகு’ என்று பெயரிடும்போது, ஏழைமை ஓர் அணிகலனாகிவிடுகிறது. அந்த அணிகலனை அணிந்து மகிழ்பவர் ஏழை அல்லர். 550 ரியோவில் ஒரு காசு கொரியக் குயவன் வீட்டுக்குப் போகவில்லை.

“பெயர் பொறித்தால் மட்டும் நீதி வந்துவிடுமா?” என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதினேழாம் நூற்றாண்டில் கியோத்தோவில் நொனொமுரா நின்செய் என்பவர் தம் கலங்களின் அடியில் ‘நின்செய்’ என்று முத்திரை குத்தினார். ஜப்பானிய வனைஞருள் இவ்வாறு தம் பெயரை நிலைநாட்டிய முன்னோடிகளில் ஒருவர். மெருகிட்டுச் சுட்ட கலத்தின்மீது செந்நிறமும் பசுமையும் பொன்னும் கொண்டு ஓவியம் தீட்டி, மறுபடியும் மெல்லிய சூட்டில் சுட்டெடுக்கும் கலையில் அவருக்கு நிகர் அந்நாளில் இல்லை. அந்தப் பெயரிலும் பாதி கோயிலுக்குரியது என்பது வேடிக்கை: நின்னாஜி என்ற கோயிலின் ‘நின்’, செயெமோன் என்ற சொந்தப் பெயரின் ‘செய்’! அவர் வழிவந்த ஒகதா கென்சான் 1699-இல் சூளை வைத்தார், ஓவியம் பல அவருடைய தமையனார் ஒகதா கோரின் தீட்டியவை, கையொப்பம் கென்சான், சக்கரத்தில் வனைந்தது பட்டறை ஆட்கள். அரித்தா என்ற பீங்கான் நகரத்திலோ கோடிழுப்பவர் வேறு, கோட்டுக்குள் நீலத்தை நிரப்புபவர் வேறு. நிரப்பும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. பருத்த தூரிகையில் நீலச் சாந்தைத் தேக்கி, ஒரு சொட்டும் கோட்டைத் தாண்டாமல் வழியவிடும் வேலை அது. அடியில் முத்திரை உண்டு. அது கூடத்தின் முத்திரை.

ஆகவே ஒற்றைப் பெயரைப் பொறிப்பது விடையாகாது. ஆனால் கேட்கவே வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய பொய். ஒரு கிண்ணம் பத்துக் கைகளில் பிறந்தது என்றால், பத்துக் கைகள் என்று சொல்லவேண்டும்.

1950-இல் ஜப்பான் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. சில ஆண்டுகளில் அச்சட்டம் இன்னொரு படி ஏறியது: காக்கவேண்டியது கிண்ணத்தை மட்டுமா, கிண்ணம் செய்யத் தெரிந்த கையை அன்றோ என்று கேட்டது. 1955-இல் முதன்முறையாக வனைஞர்களையே நாட்டின் செல்வம் என்று ஏற்றுக்கொண்டது. ஓட்டுச் சில்லைத் தோண்டியெடுத்த அரகவா, மஷிகோவின் ஹமதா, வண்ணப் பீங்கான் ஓவியர் தொமிமொதோ கென்கிச்சி ஆகியோர் அந்த முதல் வரிசையில் இருந்தனர். ‘வாழும் தேசியச் செல்வம்’ என மக்கள் அழைக்கலாயினர். கலையைக் கற்றுக்கொடுப்பதற்கு அரசு உதவித்தொகையும் தருகிறது. ஒருவர்க்கென்று சுட்டமுடியாத கலைகளில், நபேஷிமா வண்ணப் பீங்கானைப் போல, ஒரு குழுவினரையே உரியவராக ஏற்கும் வழியும் அதில் உண்டு. இது மனிதர் செய்த ஏற்பாடு, குறைகளும் இருக்கும். எனினும் அழகு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு வானத்தை நோக்காமல் தோளை நோக்கிய சட்டம் அது. அதனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

பரம்பரை, குருதி என்று சிலர் பேசுவதுண்டு. ராக்கு என்னும் வனைஞர் குடும்பம் பதினாறு தலைமுறையாகத் தேநீர்க் கிண்ணம் செய்து வருகிறது. வியப்புத்தான். ஆனால் அதன் ஐந்தாம் தலைமுறைத் தலைவர் சோன்யூ தத்தெடுக்கப்பட்ட பிள்ளை. நாம் கண்ட கென்சானுக்கு உறவினர். குடும்பம் காத்தது குருதியை அன்று, பயிற்சியை. பிறப்பால் வருவது விரல், வனைவது பழக்கம்.

இனி, எளிதில் கடந்து போகக்கூடாத ஒன்றுக்கு வருவோம். கொரியக் கிண்ணத்தை ஜப்பான் முடிசூட்டியது என்றேன். கொரியக் கைகளை அது என்ன செய்தது?

தேநீர்க் கலையின் பேராசான் சென் நோ ரிக்யூ யாரிடம் பணியாற்றினாரோ அந்தத் தொயொதொமி ஹிதெயோஷி, 1587-இல் கியோத்தோவின் கிதானோவில் ஒரு தேநீர்ப் பெருவிழா நடத்தினான். உழவனும் வரலாம், வணிகனும் வரலாம். ஒரு கெண்டி, ஒரு கிண்ணம் இருந்தால் போதும் என்று பறைசாற்றினான். நாள் பல நடக்கவிருந்த விழா ஒரே நாளில் முடிந்தது. சமத்துவத்தின் ஆயுள் அவ்வளவே! 1591-இல் ரிக்யூவையே வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகுமாறு ஆணையிட்டான். 1592-இல் கொரியாமீது படையெடுத்தான். 1598-இல் அவன் சாகும்வரை அந்தப் போர் விட்டுவிட்டு நடந்தது. கொன்றவர்களின் மூக்குகளை அறுத்து உப்பிலிட்டு அனுப்பினார்கள் படைத்தலைவர்கள். அவற்றைப் புதைத்த மேடு கியோத்தோவில் இன்றும் இருக்கிறது. அந்தத் தலைவர்களுள் பலர் தேநீர்ப் பித்தர்கள். கிண்ணம் வாங்கி வாங்கி அலுத்தவர்கள், குயவர்களையே வாரிக்கொண்டு திரும்பினார்கள்.

அரித்தாவில் வெண்களிமண்ணைக் கண்டு, 1616-இல் ஜப்பானின் முதற் பீங்கானைச் சுட்டவர் என்று மரபு போற்றும் ஈ சாம்-பியோங் அவ்வாறு கொண்டுவரப்பட்டவர். ஒருவர் மட்டும் கண்டதன்று, அக்காலத்தில் பல சூளைகளில் பலர் முயன்றதன் பயன் என்று அகழ்வாய்வுகள் காட்டுகின்றன. இன்று அரித்தாவின் கோயில் ஒன்றில் அவர் தெய்வம். பக்கத்தில் இன்னொரு தெய்வமும் உண்டு: நபேஷிமா நவொஷிகெ, எவன் படையோடு அவர் கடல் கடக்க நேர்ந்ததோ அந்தத் தலைவன்! சிறைப்படுத்தியவனையும் சிறைப்பட்டவனையும் ஒரே மாடத்தில் வைத்துக் கும்பிடச் சொல்லும் பக்தியை என்னென்பது? அங்கிருந்து சற்றுத் தொலைவில், நபேஷிமா பிரபுக்களின் மறைவுச் சூளைகள் இருந்த ஓகவச்சியாமா பள்ளத்தாக்கில், கேட்பாரற்ற வனைஞர்களின் கல்லறைக் கற்கள், சுமார் 880, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூம்பாக அடுக்கப்பட்டுள்ளன. பீங்கானின் மறைபொருள் வெளியே போகாதபடி அந்தப் பள்ளத்தாக்கின் வாயிலில் காவல் இருந்தது. தெய்வமானவர் ஒருவர், கல்லானவர் 880.

தெற்கே, சத்சுமாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் நாயெஷிரொகவா என்ற ஊரில் குடியமர்த்தப்பட்டார்கள். இவர்கள் செய்தி பெயரைப் பற்றிய செய்தியே. கொரியப் பெயரை மாற்றக்கூடாது, கொரிய உடையை விடக்கூடாது என்று பிரபு ஆணையிட்டார். காட்சிப் பொருளாக வைத்திருக்கவேண்டும் அல்லவா? தலைமுறைகள் கழிந்தன, ஆட்சி மாறிற்று, மெய்ஜி காலம் வந்தது. காக்கச் சொன்ன அதே பெயர் இப்போது ஏளனத்துக்குரியதாயிற்று. பெயரை விட்டவர் பலர். அவ்வூரில் பாக் என்ற குடியில் 1882-இல் பிறந்த ஒரு சிறுவனின் தந்தை, 1886-இல் தோகோ என்ற ஜப்பானியக் குடிப்பெயரை விலைக்கு வாங்கினார். அந்தச் சிறுவன்தான், 1941-இல் ஜப்பான் போரில் இறங்கியபோதும் 1945-இல் சரணடைந்தபோதும் அந்நாட்டின் வெளியுறவு அமைச்சராய் இருந்த தோகோ ஷிகெனொரி. பெயரைத் தேடுவது ஆணவம் என்று சொல்வோர் இந்த ஊருக்குச் சென்று சொல்லிப் பார்க்கட்டும். பெயரை வைத்துக்கொள் என்றாலும் விட்டுவிடு என்றாலும் ஆணை ஒருவனுடையது, பெயர் இன்னொருவனுடையது என்றிருந்த ஊர் அது.

பெயரை விடாத குடிகளும் இருந்தன. ஷிம் குடி அவற்றுள் ஒன்று. ஷிம் சூ-க்வான் என்ற பெயரை ஒருவர்பின் ஒருவராக ஏற்று, பதினைந்தாம் தலைமுறையாக இன்றும் அவ்வூரில் சூளை மூட்டுகிறார்கள். அவர்தம் முன்னோர் சத்சுமாவில் முதன்முதல் செய்த கிண்ணங்களுக்கு ஒரு பெயர் வழங்குகிறது: ‘ஹிபகாரி.’ ‘நெருப்பு மட்டும்’ என்று பொருள். மண் கொரியாவிலிருந்து வந்தது. மெருகு கொரியாவிலிருந்து வந்தது. வனைந்த கையும் கொரியாவிலிருந்து வந்தது. ஜப்பானுடையது நெருப்பு மட்டும். கிண்ணங்களுக்கு இட்ட பெயர்களிலேயே உண்மை பேசும் பெயர் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

1998-இல், அவர்கள் கொண்டுவரப்பட்டு 400 ஆண்டுகள் நிறைந்தபோது, பதினான்காம் ஷிம் சூ-க்வான் முயற்சியால், முன்னோர் பிடிபட்ட நம்வோன் என்ற கொரிய ஊரில் தீ மூட்டி, அதைக் கடல் வழியே அவ்வூருக்குக் கொண்டுவந்து சூளையில் இட்டார்கள். இம்முறை மண் ஜப்பானுடையது. கொரியாவிலிருந்து வந்தது நெருப்பு மட்டும்.